அழுங்கும் அழுகிய மாம்பழமும்

ஒரு காட்டில் மாமரங்கள் நிறைய இருந்தன. மாமரங்கள் நிறைய இருந்ததால் ஒரு சங்கமும் இருந்தது. மலையடிவாரத்தில் பழுக்கும் கிளிமூக்கு மாம்பழங்களை மூங்கில் கூடைகளில் அடுக்கி, கடலோரத் தேரிக்காட்டுச் சந்தைக்கு அனுப்புவது சங்கத்தின் வேலை. கிளிமூக்கு என்ற பெயரைத் தங்களைக் கேட்காமல் வைத்துவிட்டதாகக் கிளிகள் கொடுத்த மனு வெகுகாலமாக நிலுவையில் இருந்தது.

சங்கத்தின் தலைவர் கரடியார். பழத்தின் தரத்தைச் சோதித்துத் தின்பதற்காகவே அவர் கூட்டம் போடுகிறார் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. கூட்டம் இல்லாத நாட்களிலும் அவர் சோதித்தார்.

சந்தைக்குச் சுமை கொண்டுபோவது யானை மலையாண்டி. போகும்போது கூடைகளில் பழம் இருக்கும். திரும்பும்போது அதே கூடைகளில் ஒன்றும் இருக்காது. ஆனால் காலிக் கூடை என்பதற்காக அது முதுகில் இடத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. மலைபோலக் கூடைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே இல்லாததைச் சுமந்துகொண்டு மலையாண்டி நடந்துவருவான். வழிநெடுக மைனாக்கள் உட்கார்ந்திருக்கும்.

"அண்ணன் என்ன லோடு ஏத்திட்டு வாரீங்க?"

"காத்துல்லா கொண்டு வாராரு! சுத்தமான கடக்காத்து!"

"பாத்து நடங்கண்ணே, சிந்திரப் போகுது!"

ஒரு நாள் மலையாண்டி கூடைகளையெல்லாம் சங்க வாசலில் இறக்கிவைத்துவிட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பழம் சுமக்கேன். கல்லைச் சுமக்கச் சொன்னாலும் சுமக்கேன். காத்தைச் சுமக்க மாட்டேன். எனக்கும் ஒரு மரியாத இருக்குல்லா?"

யானை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்தச் சங்கமும் சீக்கிரம் முடிவெடுக்கும். கூடைக்குப் பதிலாக அட்டைப் பெட்டி என்றும், காலியானதும் தட்டையாக மடித்துவிடக்கூடிய பெட்டி என்றும், அதை வடிவமைக்கப் படித்த ஆள் தேவை என்றும் அன்றைக்கே மரத்துக்கு மரம் அறிவிப்பு ஒட்டினார்கள்.

அப்படி வந்தவள்தான் அழுங்கு சிலம்பாயி.

அழுங்கைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். உடம்பெல்லாம் செதில். வாயில் பல் கிடையாது. எறும்பும் கரையானும்தான் ஆகாரம். பயம் வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பயம் அடிக்கடி வரும். சிலம்பாயியின் பரம்பரையில் புற்று தோண்டாமல் புத்தகம் தூக்கிய முதல் ஆள் அவள்தான். பெட்டி செய்வதைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு மொத்தக் குடும்பமும் வந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்த பயத்தில் அத்தனை பேரும் வாசலிலேயே சுருண்டுவிட்டார்கள். அவள் மேடையேறியதை யாரும் பார்க்கவில்லை. கைதட்டல் சத்தம் நன்றாகக் கேட்டது என்று அப்பா பிற்பாடு சொன்னார்.

நேர்காணலில் கரடியார் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மடங்குத பெட்டி செய்வியாம்மா?"

சிலம்பாயிக்குப் பயம் வந்துவிட்டது. பதில் வருவதற்குள் சுருண்டுவிட்டாள்.

"பலே!" என்றார் கரடியார். "வாயால சொல்லாம செஞ்சே காட்டிட்டாளே! இந்தப் பிள்ளதான் சரி."

வேலை கிடைத்தது. ஆனால் தற்காலிகம். மாம்பழப் பருவம் முடிவதற்குள் பெட்டி சந்தையில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் புற்று.

அவளுடைய அப்பா இந்தச் செய்தியைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. "மொதல்ல நிரந்தரம் ஆவட்டும்" என்றார். அவள் சாயங்காலம் வளைக்குத் திரும்பும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "நிரந்தரமா?"

"இன்னும் இல்லப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சங்கத்துக் கிடங்கின்மேல் ஒரு மாங்கிளை சாய்ந்திருந்தது. அந்தக் கிளை முழுக்க முசுறுக் கூடுகள். முசுறு என்பது மாமரத்தில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பு. அழுங்குகளுக்கு அது கல்யாணச் சாப்பாடு. சிலம்பாயியின் மேசை சரியாக அந்தக் கிளைக்குக் கீழே இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே அவள் தலைவரிடம் போய், "ஐயா, அந்த முசுறை நான் சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

இதுவரை எதையாவது தின்பதற்கு முன் யாரும் சங்கத்தில் அனுமதி கேட்டதில்லை. கரடியார் வெகுநேரம் யோசித்தார்.

"கிடங்கு சங்கத்துச் சொத்து. கிடங்குமேல சாஞ்ச கிளையும் சங்கத்துச் சொத்து. அப்ப முசுறும் சங்கத்துச் சொத்துதான். பொதுக்குழுவுல வச்சுத்தாம்மா முடிவு பண்ணணும்."

பொதுக்குழு கூடவில்லை. சிலம்பாயி ஓர் எறும்பைக்கூடத் தொடவில்லை. வாயில் ஊறுவதை விழுங்கிக்கொண்டு வேலை பார்த்தாள்.

முதல் பெட்டியை அழகாகச் செய்தாள். இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக நெளிந்த இன்னொரு தாளை வைத்து ஒட்டிய அட்டை. மலையாண்டி சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். பெட்டி அப்பளமாகிவிட்டது.

"நான் இன்னும் முழுசா ஊணவே இல்ல, தங்கச்சி" என்றான் மலையாண்டி, பாவப்பட்ட குரலில்.

சிலம்பாயி சுருண்டுகொண்டாள். சுருண்டிருந்தபடியே யோசித்தாள். அட்டைக்குள் இருந்த அலைகள் படுத்துக்கிடந்தன. அதனால்தான் பெட்டியும் படுத்துவிட்டது. அலைகளைத் தூண்கள்போல நிற்கவைத்தால்? நிமிர்ந்து எழுந்து வெட்டினாள், மடித்தாள். இந்த முறை மலையாண்டி ஒரு காலை வைத்தான், இன்னொரு காலையும் வைத்தான், பிறகு யாரும் கேட்காமலே உட்கார்ந்தும் பார்த்தான். பெட்டி நின்றது. எழுந்திருக்கச் சொன்னபோது அவனுக்குத்தான் மனம் வரவில்லை.

பனியில் நமத்துவிடாமல் இருக்கத் தேனீக்களிடம் மெழுகு வாங்கிப் பூசினாள். காற்று போக முள்ளம்பன்றியை வரவழைத்துத் துளைகள் போட்டாள். துளையை எங்கே போட வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் பழம் எங்கிருந்து அழுகத் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அதற்காகக் கீழே உதிர்ந்துகிடந்த ஒரு மாம்பழத்தை எடுத்து எப்போதும் கூடவே வைத்திருந்தாள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாராவது அதட்டினால் அதையும் அணைத்துக்கொண்டு சுருண்டுவிடுவாள்.

பெட்டியின் சிறப்பு அதன் நாடாவில் இருந்தது. மேலே ஒரு நாடா. அதைப் பிடித்து இழுத்தால் நான்கு சுவர்களும் ஒரே சமயத்தில் வெளிப்பக்கம் சாய்ந்து விழும். பழத்தைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டாம், அடிபடாது. பழங்களை எடுத்த பிறகு மடித்தால் தட்டுபோல ஆகிவிடும். சங்கத்தின் முன்னால் அவள் நாடாவை இழுத்துக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். மலையாண்டி தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினான்.

கைதட்டாதவன் கருமந்தி சடையன் ஒருவன்தான். அவன் பழம் அடுக்கும் குரங்குகளுக்கெல்லாம் மேஸ்திரி.

"ஏ பிள்ள, நாலு பக்கமுமா விழும்?"

"ஆமாண்ணே."

"அடிவரைக்கும் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும்ணே. அதுதான் இதுல விசேஷமே."

சடையன் தன் வாலை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டான். "ஒரு பக்கம் மட்டும் விழுத மாதிரி செய்ய முடியாதா? இல்ல, மேல மட்டும் கொஞ்சம் தொறந்தா போதாதா?"

"செய்யலாம்ணே. ஆனா இதுதான் நல்லது" என்றாள் சிலம்பாயி. ஏன் நல்லது என்று பொறுமையாக விளக்கினாள். சடையன் முகம் விளக்க விளக்க வெளுத்தது. கருமந்தி முகம் வெளுப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அவன் ஏன் என்று சொல்லவில்லை.

காரணம் இதுதான். அந்தச் சங்கத்தில் கூடை அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. மேலடுக்கில் மினுமினுக்கும் பெரிய பழங்கள். அதற்குக் கீழே சிறியவை. அதற்கும் கீழே வெம்பியவை. அடியில் வைக்கோல். எல்லோருக்கும் தெரிந்ததால் அதை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சிலம்பாயிக்குத் தெரியாது. அவள் பரம்பரையில் யாரும் ஒரு பழத்தை வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை.

முதல் சுமை தேரிக்காட்டுச் சந்தைக்குப் போனது. செம்மணலும் பனைமரமும் உள்ள அந்த ஊரில் பழம் வாங்குவது உடும்பு அண்ணாச்சி. ஒரு விலையைப் பிடித்தால் விடமாட்டார். சந்தையே சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அண்ணாச்சி நாடாவை இழுத்தார்.

நான்கு சுவர்களும் பூப்போல விரிந்தன. மேலே கொஞ்சம் மாம்பழம். அதன் கீழே மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே போன மாம்பழம். அதன் கீழே வைக்கோல், வைக்கோல், வைக்கோல். ஒரு பசு அனிச்சையாக முன்னால் வந்தது.

அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் வைக்கோலைப் பார்த்து அல்ல.

"அடியில வைக்கோல் கெடக்கும்னு எனக்குத் தெரியாதாவே?" என்று மலையாண்டியிடம் கத்தினார். "முட்டைய விட்டு வெளிய வந்த நாள்லருந்து யாவாரம் பாக்கேன். வைக்கோலுக்குக் கழிச்சுதான் வெலையே வச்சிருக்கேன். ஆனா இதை நான் இப்படியே சில்லறைக் கடைக்காரனுக்குக் கைமாத்தணும்லா? அவன் அடுத்தவனுக்கு மாத்தணும்லா? இப்ப எல்லாப் பயலும் பாத்துட்டானே! கொண்டு போவும் ஓய், அத்தனையையும் திருப்பிக் கொண்டு போவும்!"

அன்றைக்கு மலையாண்டி போகும்போதும் சுமை சுமந்தான், வரும்போதும் சுமை சுமந்தான். மைனாக்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

சங்கம் கூடியது. கரடியார் திரும்பி வந்த பழத்தைச் சோதித்துக்கொண்டே விசாரித்தார்.

"இது யார் குத்தம்?"

"கூடையில அனுப்பின காலத்துல இப்படி எப்பவாச்சும் நடந்துதா?" என்று கேட்டான் சடையன்.

"நடக்கல."

"அப்ப பெட்டிதான் குத்தம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நியாயத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

சிலம்பாயி ஏற்கெனவே சுருண்டிருந்தாள். பந்துக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஐயா, அடியில வைக்கோல் இருந்துதே."

"வைக்கோல் இருந்தது பிரச்சின இல்லம்மா" என்றார் கரடியார் அன்பாக. "தெரிஞ்சதுதான் பிரச்சின."

பிறகு பந்து மறுபடியும் பேசியது.

"ஐயா, எல்லா அடுக்குலயும் நல்ல பழத்தையே வச்சு ஒரு தடவ அனுப்பிப் பாக்கலாமே?"

சங்கத்தின் வரலாற்றில் இப்படி ஒரு யோசனையை யாரும் சொன்னதில்லை. சடையன் சிரித்தான், பிறகு அவள் நிஜமாகவே சொல்கிறாள் என்று தெரிந்து பயந்தான். கரடியாருக்கு வேறு வழி இல்லை. கூடைகளை எல்லாம் மலையாண்டி ஏற்கெனவே மிதித்து விறகாக்கியிருந்தான்.

"சரி, அனுப்புவோம். ஆனா இது கடைசி. இதுவும் திரும்பி வந்துட்டுன்னா, நீயும் திரும்பிப் போயிர வேண்டியதுதான்."

அன்றைக்கு அடுக்கும் கொட்டகையில் குரங்குகள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். அடியில் நல்ல பழத்தை வைக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது. கை தானாக வைக்கோலை எடுக்கிறது. ஒரு கிழட்டுக் குரங்கு, "எங்கப்பா மேலாணை, என்னால முடியல" என்று அழுதுவிட்டது. கடைசியில் சிலம்பாயியே ஒவ்வொரு பெட்டிக்கும் அடியடுக்கை வைத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அப்பா "நிரந்தரமா?" என்று கேட்டபோது, "நாளைக்குத் தெரிஞ்சிரும்பா" என்றாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளும் யானைமேல் ஏறிச் சந்தைக்குப் போனாள். ஆராய்ச்சிக்கு வைத்திருந்த அழுகிய மாம்பழத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். அது அப்போது சரியாகக் காம்புப் பக்கம் கறுத்து, கவனிக்க வேண்டிய பருவத்தில் இருந்தது.

உடும்பு அண்ணாச்சி சுற்றிலும் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒரு பெட்டியின் நாடாவை இழுத்தார். சுவர்கள் விழுந்தன.

மேலடுக்கில் பொன்னிறம். நடு அடுக்கில் அதே பொன்னிறம். அடியில், இன்னும் கொஞ்சம் பெரிய பழங்கள்.

அண்ணாச்சி நாக்கை நீட்டினார், இழுத்தார். பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மறுபக்கமாக இன்னொரு முறை நடந்தார்.

"எங்கவே?" என்றார்.

"எது அண்ணாச்சி?" என்றான் மலையாண்டி.

"அதான், எங்க வச்சிருக்கீரு?"

"என்னத்த?"

"வெளாடாதீரும். மேல நல்லா இருக்கு, சரி. அடியிலயும் நல்லா இருக்கு. அப்ப கெட்டது எங்க?"

"இல்ல அண்ணாச்சி. எல்லாமே நல்லதுதான்."

அண்ணாச்சி பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் அப்போது வந்தது கோபம் அல்ல, பயம். கையைத் தட்டி மற்ற வியாபாரிகளைக் கூப்பிட்டார். ஒரு நண்டு வந்து ஒரு பழத்தை நறுக்கிப் பார்த்தது: உள்ளேயும் நன்றாக இருந்தது. ஒரு மயில் வந்து, சாயம் பூசியிருப்பார்கள் என்று தோலைச் சுரண்டியது: உண்மையான தோல். நண்டு அட்டையின் விளிம்பைக் கத்தரித்து உள்ளே இருந்த நெளிதாளை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. அந்தப் பெட்டியில் இருந்த எல்லாப் பழமும் துண்டாகிவிட்டது. ஒன்றும் அகப்படவில்லை.

"சின்னக் களவுன்னா இதுக்குள்ள ஆப்டிருக்கணும்" என்றது நண்டு.

"ஒண்ணுமே ஆப்டலைன்னா, பெருசா என்னமோ இருக்கு" என்றது மயில்.

"ஏத்தும்வே, எல்லாத்தையும் திருப்பி ஏத்தும்" என்றார் அண்ணாச்சி. "வைக்கோல் அனுப்பினீரு, அதாச்சும் வெளங்கிச்சு. இது என்ன சதின்னே எனக்குத் தெரியல."

இதைக் கேட்டதும் சிலம்பாயிக்குக் கண் இருட்டியது. வேலை போச்சு. அப்பாவிடம் என்ன சொல்வது? கையில் இருந்ததை அப்படியே அணைத்துக்கொண்டு, பெட்டிகளின் ஓரத்தில் சுருண்டு பந்தாகிவிட்டாள்.

திரும்பிய அண்ணாச்சியின் கண்ணில் அந்தப் பந்து பட்டது.

"இது என்னதுவே? செதில் போட்ட உருண்டையா? புது மாதிரிப் பெட்டியோ?" குனிந்து முகர்ந்தார். அவர் கண்கள் பளிச்சிட்டன. "வாசம் வருது! ஏ, எல்லாரும் வாங்கலே! இதுக்குள்ளதான் இருக்கு!"

அவர் நகத்தால் தட்டினார். "தொற!"

"இது பெட்டி இல்லைங்க, நான் சிலம்பாயி" என்றது பந்து.

"பேசுத பெட்டி! நெனச்சேன்! தொறம்மா மரியாதையா!"

வேறு வழியில்லாமல் சிலம்பாயி மெல்ல விரிந்தாள். அவள் வயிற்றோரம் அணைத்து வைத்திருந்த மாம்பழம் வெளியே தெரிந்தது. காம்புப் பக்கம் கறுத்து, ஓரத்தில் சாறு வழிந்து, ஈ ஒன்று உட்கார்ந்திருக்க, அருமையாக அழுகிய மாம்பழம்.

"கெடச்சிட்டுவே!" என்று அண்ணாச்சி போட்ட கூச்சல் கடல்வரை கேட்டது. சந்தை முழுக்க ஒரு பெருமூச்சு. மயில் தோகையை விரித்தது. நண்டு இன்னொரு நண்டைக் கட்டிக்கொண்டது. அண்ணாச்சி அந்தப் பழத்தைத் தலைக்குமேல் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"எங்க கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்கா பாத்தியளா! நம்மகிட்ட நடக்குமா?"

"ஐயா, அது பெட்டியில இருந்தது இல்லைங்க" என்றாள் சிலம்பாயி. "அது என் ஆராய்ச்சிப் பழம். நான் தனியா வச்சிருந்தது."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் அண்ணாச்சி பாசமாக. "வெக்கப்படாத. இம்புட்டுச் சுமையிலயும் ஒண்ணே ஒண்ணுதானே? இந்தக் காலத்துல யாரு இப்படி நாணயமா இருக்கா? சுமை முழுக்க நானே எடுத்துக்கிடுதேன். இந்தப் பருவம் பூரா நீங்க அனுப்புங்க. ஆனா ஒண்ணு, இதே மாதிரிதான் அனுப்பணும். இன்னைக்கு ஒண்ணும் ஆப்டாமப் போயிருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது."

மலையாண்டி மடித்த பெட்டிகளைத் தட்டுகள்போல அடுக்கி முதுகில் வைத்துக்கொண்டு, மிச்ச இடத்தில் சிலம்பாயியையும் கருவாட்டு மூட்டை இரண்டையும் ஏற்றிக்கொண்டு திரும்பினான். மைனாக்கள் எழுந்து வழிவிட்டன.

அதற்கடுத்த சுமைக்குச் சிலம்பாயி பெட்டியில் ஒரு சிறிய மாற்றம் செய்தாள். அடிமூலையில், அட்டையை உள்பக்கமாக மடித்து, ஒரே ஒரு பழம் கொள்ளும்படி ஓர் அறை. அதில் ஓர் அழுகல். செய்துவிட்டு அவள் மனம் அடித்துக்கொண்டது. இது ஏமாற்றா, இல்லையா? அழுகலை அழுகல் என்று சொல்லிவிட்டால் ஏமாற்றாகாது என்று தோன்றியது. ஆகவே அறையின்மேல் கொட்டை எழுத்தில், "அழுகிய பழம் இங்கே உள்ளது" என்று எழுதினாள்.

அண்ணாச்சி அந்தச் சுமையை வாங்க மறுத்தார். "இப்படிப் பட்டவர்த்தனமா எழுதியிருக்குன்னா, இது நம்ம கண்ணைக் கட்டுததுக்கு. நெசமான அழுகல் வேற எங்கயோ இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். சிலம்பாயி எழுத்தை அழித்தாள். மறுபடியும் போன அதே பெட்டிகள் உடனே விற்றுத் தீர்ந்தன.

பிறகு ஒரு புதுச் சிக்கல் வந்தது. அவள் போட்ட துளைகளும் பூசிய மெழுகும் நன்றாக வேலை செய்ததால் பழம் அழுகுவதே நின்றுபோனது. பெட்டி அறைகளில் வைக்க அழுகல் கிடைக்கவில்லை. இதற்காகச் சங்கத்தில் தனிப் பிரிவு தொடங்கினார்கள். நல்ல பழத்தைத் தேர்ந்தெடுத்து, வெயிலில் வைத்து, திருப்பிப் போட்டு, பதமாக அழுகவைக்கும் அந்தப் பிரிவுக்குச் சடையனே பொறுப்பு. இத்தனை நாள் முகம் தொங்கிப்போய் இருந்தவன் மறுபடியும் மரத்துக்கு மரம் தாவினான். "எல்லா வேலைக்கும் ஒரு அனுபவம் வேணும்லா" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான்.

மாம்பழப் பருவம் முடிந்தது. சிலம்பாயியின் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்யச் சங்கம் கூடியது. அன்றைக்கு அவளுடைய அப்பாவும் கூட வந்தார். உள்ளே வரப் பயந்து, வாசலுக்கு வெளியே சுருண்டு கிடந்தார்.

கரடியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் முகம் சரியில்லை.

"பெட்டி தேறிட்டு. அதுல ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா நிரந்தரம்னா ஆளைப் பத்தியும் விசாரிக்கணும்லா? விசாரிச்சேன். நீ ஒரு நாள்கூட லேட்டா வரல."

"இல்லைங்கய்யா."

"லீவுக்குப் பொய்க் காரணம் சொன்னது இல்ல."

"லீவே எடுக்கலைங்கய்யா."

"ஒரு பழம் எடுத்துத் தின்னது இல்ல."

"எனக்குப் பல்லு கெடையாதுங்கய்யா."

கரடியாரின் முகம் இன்னும் இருண்டது. சடையனைப் பார்த்தார். சடையன் மலையாண்டியைப் பார்த்தான்.

"மேலயும் நல்லா இருக்கு, அடியிலயும் நல்லா இருக்கு" என்றான் சடையன் மெதுவாக.

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றார் கரடியார். "எங்கம்மா வச்சிருக்க?"

"ஐயா, நெசமாவே ஒண்ணும் இல்லைங்கய்யா."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லுத ஆளை எப்படிம்மா நம்பி நிரந்தரமாக்குறது? நாளைக்குப் பெருசா என்னமாவது வெளிய வந்தா நாங்கதானே பதில் சொல்லணும்?"

சிலம்பாயியின் முதுகு வளையத் தொடங்கியது. தலை வயிற்றை நோக்கிக் குனிந்தது. அப்போது கதவிடுக்கு வழியாக, வெளியே கிடந்த பந்து லேசாக விரிந்து ஒரு காது தெரிந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் சுருளவில்லை. கிடங்கின்மேல் சாய்ந்திருந்த கிளையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய் சொன்னாள்.

"ஐயா… அந்த முசுறு… பொதுக்குழு முடிவு வார வரைக்கும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே…"

"ஆமா?" கரடியார் முன்னால் சாய்ந்தார்.

"தொட்டுட்டேன்யா."

"எம்புட்டு?"

"ஒரு கூடு."

சங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. கரடியார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மலையாண்டி தும்பிக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சடையன் ஓடிவந்து அவள் முதுகில் தட்டினான். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா! நம்ம பிள்ள! நம்ம பிள்ளைதாம்ப்பா!"

"நிரந்தரம்" என்றார் கரடியார்.

வளைக்குத் திரும்பும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். சிலம்பாயிக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பாதி வழியில் அவர் நின்றார்.

"நிரந்தரமா?"

"நிரந்தரம்ப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். மறுபடியும் நின்றார்.

"ஒரு கூடு முசுறு." குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல் இருந்தது. "இத்தன நாளா வேலைக்குப் போற. வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம்லா பிள்ள?"

"நாளைக்குக் கொண்டாரேம்ப்பா" என்றாள் சிலம்பாயி.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. சொன்ன பொய் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பொய்யைச் சரிசெய்ய அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மறுநாள் வேலை முடிந்ததும், எல்லோரும் போன பிறகு, கிளையில் ஏறினாள். சொன்னது ஒரு கூடு. ஆகவே ஒரே ஒரு கூட்டை மட்டும் பறித்தாள். பக்கத்துக் கூட்டிலிருந்து தவறி வந்து கையில் ஏறிய ஓர் எறும்பை எடுத்து அதன் இடத்திலேயே விட்டாள். கொண்டுபோவதற்குப் பெட்டி தேவைப்படவில்லை. முசுறுகள் தாங்களே இலைகளைச் சேர்த்துத் தைத்து, பொட்டலம் கட்டிவைத்திருந்தன. நல்ல வேலைப்பாடு என்று அவள் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள்.

அப்பா பொட்டலத்தைப் பிரித்து நாக்கை நீட்டினார். கண்ணில் நீர் தளும்பியது, காரம்தான். பிறகு எழுந்து, சுருளாமல், நிமிர்ந்து, சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்ல ஒவ்வொரு வளையாகக் கிளம்பினார்.

நீதி: எல்லா அடுக்கிலும் நல்லவராக இருப்பதில் தவறில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் பயந்துவிடாதபடி, கைக்கெட்டும் மூலையில் ஓர் அழுகலையும் வைத்துவிட வேண்டும். அழுகல் கிடைக்காவிட்டால், நல்ல பழம் ஒன்றையாவது அழுகவைத்துக்கொள்ள வேண்டும்.